எங்க அண்ணன் சொல்லச் சொன்னது, நான் டைப் பண்ணது

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல காது கேக்காதவங்களுக்கு தையல் மிஷின் குடுத்த விழாவ அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. படத்துல பதினோரு பேர் நிக்கிறாங்க, எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதுறேன், அதுல ஒன்பது பேர் பொன்னாடை போத்திக்கிட்டவங்க, ஓரமா நிக்கிற ரெண்டு பேர்தான் மிஷின் வாங்கினவங்க. அந்த ஒன்பது பேருக்கும் இனிஷியலோட பேர் போட்டிருக்கீங்க, இந்த ரெண்டு பேருக்கு "பயனாளிகள்" அவ்வளவுதான். தலைப்புல "ஊமைகள்"னு வேற. முப்பது வருஷமா உங்க பேப்பர்தான் எங்க வீட்டுல, சண்டை போட வரல, ஆனா எங்க அண்ணன் அந்தப் பக்கத்த மடிச்சு என் மடில வச்சிட்டு "எழுது"ன்னு கைய காட்டிட்டாரு, அவர் சொன்னா நான் எழுதித்தான் ஆகணும்.

அண்ணனுக்கு இப்ப 64. ஒன்றரை வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு. மதுரைல ஒரு சின்ன அச்சகத்துல கம்போசிட்டரா இருந்தவரு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ்னு எல்லாம் ஈய எழுத்த ஒவ்வொண்ணா பொறுக்கி ஸ்டிக்ல, அதாவது கைல பிடிக்கிற தட்டுல, கோத்தவரு. கம்ப்யூட்டர் வந்தப்புறம் அந்த வேலையே இல்லாம போச்சு, அது வேற கதை. அவருக்கு தமிழ் தெரியாதுன்னு நெனச்சிடாதீங்க, தலைகீழா இருக்குற எழுத்த நம்மள விட வேகமா படிப்பாரு. ஆனா அவர் மனசுல ஓடுறது சைகை மொழில ஓடுது, அதை அப்படியே தமிழ்ல எழுதினா ஐ, ஆல், கு எல்லாம் உதிர்ந்து போய் சொல்லு மட்டும் நிக்கும், படிக்கிறவங்க சிரிப்பாங்கன்னு அவருக்கு கூச்சம். அதனால அவர் கையால சொல்றாரு, நான் போன்ல டைப் பண்றேன், நடுநடுவுல என் சொந்த சரக்கும் கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க.

அவருக்கு கோவம் தையல் மிஷின் மேல இல்ல. குடுக்குறதுன்னா குடுங்க. காது கேக்காதவங்கன்னாலே ஒண்ணு குழந்தையா காட்டுறாங்க, இல்லன்னா கை நீட்டுறவங்களா காட்டுறாங்க, அதான் அவருக்கு ஆகல. குழந்தைகளுக்குன்னா நம்ம பாளையங்கோட்டைல 1890கள்லயே பள்ளிக்கூடம் வந்துடுச்சு, பிள்ளைங்கன்னா எல்லாருக்கும் இரக்கம் வரும். அந்தப் பிள்ளை வளந்து, மீசை வந்து, வேலை தேடி, வாடகைக்கு வீடு கேட்டு, பொண்ணு பாத்து, பேங்க்ல கணக்கு தொடங்கப் போறப்போ யாரு இருக்கா? 18 வயசு ஆனதும் எல்லாருக்கும் காது கேட்டுடும்னு நெனச்சிக்கிட்டாங்க போலன்னு அண்ணன் கிண்டலா காட்டுவாரு, காதுல கை வச்சு "ஆஹா கேக்குதே"ன்னு மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிக்கிட்டு.

அதனால அவர் உங்களுக்கு சொல்லச் சொன்னது ஒரு சங்கத்தோட கதை. அமெரிக்கால இருக்குற நேஷனல் அசோசியேஷன் ஆஃப் தி டெஃப். ராத்திரி ராத்திரி போன்ல சைகை மொழி வீடியோவா பாத்துப் பாத்து அவர் இதுல ஒரு பைத்தியமாவே ஆயிட்டாரு. 1880 ஆகஸ்ட்ல, ஒஹையோ மாநிலத்து சின்சினாட்டி ஊர்ல, காது கேக்காத பெரியவங்களே ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக் கூடி ஆரம்பிச்ச சங்கம் அது. யாரும் அவங்களுக்கு ஆரம்பிச்சுக் குடுக்கல. முதல் தலைவர் ராபர்ட் மெக்ரெகர், அவருக்கும் காது கேக்காது. இப்ப வரைக்கும் தலைவர் நாற்காலில காது கேக்குறவர உக்கார வச்சது கிடையாது.

அது ஆரம்பிச்சு சரியா ஒரு மாசம் கூட முழுசா ஆகல, இத்தாலில மிலான் நகரத்துல ஒரு மாநாடு நடந்துச்சு, காது கேக்காத பிள்ளைங்களுக்கு எப்படி பாடம் நடத்துறதுன்னு. 164 பேர் உக்காந்திருந்தாங்க, அதுல காது கேக்காதவர்னு சொல்லிக்க ஒரே ஒருத்தர். அவங்கதான் ஓட்டுப் போட்டு, இனிமே உதட்டசைவு பாத்துப் படிக்கணும் வாயால பேசணும் அதான் உசத்தி, சைகை வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. அமெரிக்கா, பிரிட்டன்ல இருந்து போனவங்க எதிர்த்தும் ஒண்ணும் ஆகல. அந்தத் தீர்மானம் தப்புதான்னு அந்த மாநாட்டு வரிசைல வந்தவங்க வருத்தம் தெரிவிச்சது எப்போ தெரியுமா, 2010ல, கனடால வான்கூவர்ல. 130 வருஷம் சார். அதுக்குள்ள எத்தனை பிள்ளைங்க கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.

கைய கட்டுறதுன்னு நான் சும்மா சொல்லல. அண்ணன் படிச்ச பள்ளிக்கூடம் எதுன்னு சொல்ல மாட்டேன், அங்க கிளாஸ்ல சைகை காட்டினா கையை பின்னாடி கட்டிக்கச் சொல்லுவாங்க, ஸ்கேல் அடியும் உண்டு. "ப" சொல்றதுக்கு மெழுகுவர்த்தி முன்னாடி வாய வச்சு ஊதணும், சுடர் ஆடினா "ப", ஆடலன்னா "ம". நாலு வருஷம் ஊதினாராம். ராத்திரி ஹாஸ்டல்ல லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துல பெரிய பசங்க சின்னப் பசங்களுக்கு கதை சொல்லுவாங்களாம் கையால, அங்கதான் நான் பாஷை கத்துக்கிட்டேன்னு சொல்லுவாரு. பகல்ல அவர் கத்துக்கிட்டது மெழுகுவர்த்தி அணைக்கிறது.

அமெரிக்காலயும் அதே கதைதான் நடந்துச்சு. 1860கள்ல அங்க காது கேக்காத பிள்ளைங்களுக்கு பாடம் எடுத்த வாத்தியாருங்கள்ல நூத்துக்கு 40 பேர் அவங்களும் காது கேக்காதவங்களா இருந்தாங்க, முதல் உலகப் போர் சமயத்துல அது 15க்கு வந்துடுச்சு. வாயால பேச வைக்கணும்னா காது கேக்குற வாத்தியார்தானே வேணும், இவங்க வேலைக்கு ஆப்பு. சங்கத்துக்கு முதல் சண்டையே அங்கதான், பாஷைக்கும் பொழப்புக்கும் சேத்து ஒரே சண்டை.

இதுல அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சவரு ரெண்டாவது தலைவர் எட்வின் ஹாட்சன். ஏன்னா அவரு அச்சுக்காரரு. நியூயார்க்ல காது கேக்காத பிள்ளைங்களுக்கு அச்சு வேலை சொல்லிக் குடுத்துக்கிட்டு, அவங்களுக்குன்னு ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினவரு. அந்தக் காலத்துல அங்க இவங்க பள்ளிக்கூடம் பலதுலயும் ஒரு அச்சகம் இருக்குமாம், மிஷின் போடுற சத்தம் இவங்கள ஒண்ணும் பண்ணாது, கண்ணும் கையும் கூர்மை, கூலியும் பரவால்ல. எங்க ஊர்லயும் முதலாளி அண்ணன வேலைக்கு வச்சப்போ சொன்ன காரணம் இதேதான், "ட்ரெடில் மிஷின் ஓடுறப்போ இவனுக்கு தலைவலி வராது, வெட்டிப் பேச்சும் பேச மாட்டான்". வெட்டிப் பேச்சு பத்தி முதலாளிக்கு என்ன தெரியும், அண்ணனும் பக்கத்து எழுத்துப் பெட்டிகிட்ட நின்ன இன்னொரு காது கேக்காதவரும் நாள் பூரா கையால ஊர்க்கதை பேசிட்டேதான் இருந்தாங்க.

அச்சகம்னு சொன்னதும் ஞாபகம் வருது, அண்ணன் இதைக் கண்டிப்பா போடச் சொன்னாரு. ஒருநாள் ஒரு ஆள் வந்து ஐநூறு கார்டு அடிக்கணும்னு கேட்டான், "நான் பிறவி ஊமை, எனக்கு இரண்டு தங்கைகள், உங்களால் முடிந்ததை"ன்னு பஸ்ல மடில போட்டுட்டுப் போவாங்களே அந்தக் கார்டு. ரேட்ட குறைக்கச் சொல்லி முதலாளிகிட்ட கணீர்னு பேசிக்கிட்டு நிக்கிறான்! அண்ணனுக்கு சத்தம் கேக்கல, வாய் அசையறது தெரியுமே. ஸ்டிக்க கீழ வச்சிட்டு கோக்க மாட்டேன்னுட்டாரு, அன்னைக்கு அரை நாள் கூலி போச்சு. இதே பிரச்சினை அமெரிக்கால நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு, காது கேக்குறவன் செவிடன் மாதிரி நடிச்சு, விரலால எழுத்து காட்டுற படம் போட்ட அட்டைய வித்துப் பிச்சை எடுக்கிறது. அதுக்குன்னே சங்கத்துல ஒரு தனிப் பிரிவு வச்சு போலிகளப் பிடிச்சுக் குடுத்திருக்காங்க, பிச்சைக்கு எதிரா சட்டம் கேட்டு அலைஞ்சிருக்காங்க. ஏன் அவ்வளவு கோவம்னா, ஒரு போலி நூறு பேர்கிட்ட கை நீட்டினா அந்த நூறு பேர்ல ஒரு முதலாளி இருப்பான், அடுத்த நாள் நிஜமா காது கேக்காத ஒருத்தன் வேலை கேட்டுப் போனா அவன் சில்லறை எடுத்து நீட்டுவான். அண்ணனுக்கே அது நடந்திருக்கு.

அரசாங்க வேலை கதை இன்னும் மோசம். பரீட்சை எழுதவே காது கேக்காதவங்களுக்கு அனுமதி இல்லன்னு அமெரிக்கால ஒரு விதி வச்சிருந்தாங்க, சங்கம் எழுதி எழுதி சண்டை போட்டு 1908ல தியோடர் ரூஸ்வெல்ட் அதிபரா இருந்தப்போ அதை எடுக்க வச்சாங்க.

அப்ப தலைவரா இருந்தவரு ஜார்ஜ் வெடிட்ஸ், 1904ல இருந்து 1910 வரைக்கும். எட்டு வயசு வாக்குல காய்ச்சல்ல காது போனவரு, அதுவும் எங்க அண்ணன் மாதிரிதான், அதனால அவர் பேர சொல்றப்போ அண்ணன் கைய நெஞ்சுல வச்சிட்டுத்தான் சொல்லுவாரு. பள்ளிக்கூடத்துல எல்லாம் சைகைய ஒழிச்சிக்கிட்டு வர்றாங்க, நல்லா சைகை பேசுற பெரியவங்க ஒவ்வொருத்தரா செத்துக்கிட்டு இருக்காங்க, இது எழுதி வைக்கிற பாஷை இல்ல, அவங்க கை போச்சுன்னா பாஷையும் போச்சு, என்ன பண்றது? அப்பதான் சினிமா புதுசா வந்திருக்கு. ஊரெல்லாம் இது வேடிக்கை காட்டுற பொட்டின்னு நெனச்சப்போ இவருக்கு மட்டும் இது எங்க பாஷைக்கு நோட்டுப் புத்தகம்னு தோணியிருக்கு பாருங்க. சங்கத்து ஆளுங்ககிட்ட சில்லறை சில்லறையா வசூல் பண்ணி 5,000 டாலர் சேத்தாங்க, அந்தக் காலத்து 5,000. அந்தக் காசுல கேமரா முன்னாடி ஒவ்வொரு பெரியவரா நிக்க வச்சு பேச்சு, கதை, பிரசங்கம்னு எடுத்தாங்க. 1913ல வெடிட்ஸே நின்னு, எங்க பாஷைய காப்பாத்துங்கன்னு ஒரு பேச்சு குடுத்தாரு, கோட்டு போட்டுக்கிட்டு, பின்னாடி வெறும் திரை. அந்தப் படத்த 2010ல அமெரிக்க அரசாங்கம் பாதுகாக்க வேண்டிய படங்கள் பட்டியல்ல சேத்துடுச்சு. அண்ணன் அதை எனக்கும் காட்டினாரு. அவங்க சைகை வேற நம்ம சைகை வேற, பாதிக்கு மேல அண்ணனுக்கே புரியாது, உலகம் பூரா ஒரே சைகைன்னு நெனக்கிறவங்க இருக்காங்க, அப்படி இல்ல. ஆனாலும் அந்த மனுசன் கை வீசுற வேகத்த பாத்தா என்னமோ கேக்குறாருன்னு மட்டும் தெரியுது சார்.

சினிமா பேசவே ஆரம்பிக்காத காலம் அது, மௌனப் படம்னா இவங்களும் நாமளும் தியேட்டர்ல ஒரே பெஞ்சு, எழுத்து போட்டாத்தான் ரெண்டு பேருக்கும் புரியும். அப்புறம் 1920கள் கடைசில படம் பேச ஆரம்பிச்சுது, இவங்க வெளிய வந்துட்டாங்க.

அப்புறம் இன்சூரன்ஸ். இவன் ரோட்டுல அடிபட்டு செத்துடுவான்னு கம்பெனிக்காரங்க பாலிசி குடுக்க மாட்டாங்க, இல்லன்னா கூட காசு கேப்பாங்க. அதனால 1901ல மிச்சிகன்ல ஃபிளின்ட் ஊர்ல காது கேக்காத இளவட்டங்க கொஞ்சம் பேர் சேந்து தங்களுக்குள்ளயே பணம் போட்டு, ஒடம்பு முடியலன்னா உதவி, செத்தா ஈமச்சடங்கு செலவுன்னு தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, நம்ம ஊர் மகமை மாதிரி வச்சிக்கோங்க. அதுவும் நாடு பூரா வளந்துச்சு. 1920கள்ல சில மாநிலத்துல இவங்களுக்கு கார் லைசென்ஸே கிடையாதுன்னப்போ ரெண்டு சங்கமும் சேந்து நின்னுச்சு. இங்க நம்ம நாட்டுல அந்த லைசென்ஸ் எப்ப வந்துச்சுன்னு நெனக்கிறீங்க? 2011ல டெல்லி ஹைகோர்ட் சொல்லித்தான், ஓட்டிக் காட்டி டெஸ்ட்ல பாஸானா குடுக்கணும்னு. அந்தக் கேஸ் போட்டதும் காது கேக்காதவங்க சங்கம்தான், பேரும் அதே நேஷனல் அசோசியேஷன் ஆஃப் தி டெஃப், 2005ல டெல்லில ஆரம்பிச்சது. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1955லயே ஆல் இந்தியா ஃபெடரேஷன் ஆஃப் தி டெஃப் டெல்லில வந்துடுச்சு. அண்ணன் அப்பல்லாம் லைசென்ஸ் இல்லாமலே டிவிஎஸ் 50 ஓட்டினாரு, இதைப் போடாதேன்னு கைய ஆட்டுறாரு, போட்டுட்டேன்.

நல்லதா மட்டும் சொல்லிட்டுப் போனா அது விழா மேடைப் பேச்சு மாதிரி ஆயிடும், உங்களுக்கு நான் எழுதுறதுல என்ன அர்த்தம். இந்த அமெரிக்க சங்கம் 1925ல இருந்து கறுப்பினத்து காது கேக்காதவங்கள உறுப்பினரா சேத்துக்கல. 1965 வரைக்கும். நாப்பது வருஷம். எங்கள ஒதுக்குறாங்க எங்கள ஒதுக்குறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, உள்ள இவங்களே கதவ சாத்தி வச்சிருந்தாங்க. அந்தக் கறுப்பினத்துக்காரங்க பின்னால 1982ல நேஷனல் பிளாக் டெஃப் அட்வகேட்ஸ்னு தனியா ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. ஒரு பொம்பள தலைவரா வந்ததும் சங்கம் தொடங்கி நூறு வருஷம் கழிச்சுத்தான், 1980ல கெர்ட்ரூட் கேலவே. இதை அண்ணன்கிட்ட சொன்னப்போ கொஞ்ச நேரம் கைய மடில வச்சிட்டு உக்காந்திருந்தாரு, அப்புறம் "நம்ம சங்கத்துல பொம்பளைங்க எத்தனை பேர் வர்றாங்க?"ன்னு அவரே கேட்டுக்கிட்டாரு. இங்க அவங்க பார்க்ல கூடுற ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வர்றவங்கள்ல மூணோ நாலோ.

போன் கதை ஒண்ணு இருக்கு, இது எனக்குப் பிடிச்சது. கிரகாம் பெல் இருக்காரே, டெலிபோன் கண்டுபிடிச்சவரு, அவரோட அம்மாவுக்கும் காது கேக்காது, பெண்டாட்டிக்கும் கேக்காது, அவரே இந்தப் பிள்ளைங்களுக்கு வாத்தியாரா இருந்தவரு, ஆனா சைகைக்கு பரம எதிரி. காது கேக்காதவங்க காது கேக்காதவங்களையே கட்டிக்கிட்டா அதுல ஒரு தனி இனமே உருவாயிடும்னு 1883ல கட்டுரை வாசிச்சவரு. அவர் கண்டுபிடிச்ச போன் வந்ததும் ஊரே பேசுது, இவங்க மட்டும் ஒரு டாக்டர பாக்கணும்னா பக்கத்து வீட்டுக் கதவ தட்டணும். அப்புறம் 1964ல ராபர்ட் வெயிட்பிரெக்ட்னு காது கேக்காத இயற்பியல்காரர் ஒருத்தர், தந்தி ஆபீஸ்ல எல்லாம் இருக்குமே டெலிபிரிண்டர், அதை போனோட இணைக்கிற ஒரு சின்னப் பொட்டி பண்ணாரு. ரிசீவர எடுத்து அதுமேல வச்சா, இந்தப் பக்கம் டைப் அடிச்சது அந்தப் பக்கம் காகிதத்துல வரும். மிஷின் எங்கேர்ந்து வந்துச்சுன்னா கம்பெனிகள் கழிச்சுக் கட்டின பழசு, ஒண்ணொண்ணும் பீரோ கனம், அதை வேன்ல ஏத்தி இறக்கி எண்ணெய் போட்டு ரிப்பேர் பண்ணி வீடு வீடா வச்சது காது கேக்காத ஆளுங்களும் அவங்க சிநேகிதக்காரங்களும்தான். அந்தப் பழைய மிஷின்கள வாங்கிப் பங்கு போட்டுக் குடுக்க 1968ல ஒரு அமைப்பு வந்துச்சு பாருங்க, அதை சேந்து ஆரம்பிச்சவங்க யாரு, ஒரு பக்கம் இந்த சங்கம், இன்னொரு பக்கம் பெல் ஆரம்பிச்சு வச்ச அமைப்பு. எண்பது வருஷம் சைகையா பேச்சான்னு அடிச்சிக்கிட்ட ரெண்டு பேரும் பழைய இரும்ப தூக்குறதுக்கு ஒண்ணா கை குடுத்திருக்காங்க.

1988 மார்ச்ல வாஷிங்டன்ல இவங்களுக்கான கேலடெட் பல்கலைக்கழகத்துக்கு மறுபடியும் காது கேக்குறவரையே தலைவரா போட்டதும் படிக்கிற பசங்க வாசல் கேட்டை இழுத்து மூடிட்டாங்க, ஒரே வாரம், புதுசா வந்தவர் ராஜினாமா, கிங் ஜோர்டன் காது கேக்காத முதல் தலைவரா வந்தாரு, அந்தக் காலேஜ் ஆரம்பிச்சு 124 வருஷம் கழிச்சு. ரெண்டு வருஷத்துல, 1990ல, மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் வந்துச்சு. அதைக் கொண்டு வந்த செனட்டர் டாம் ஹார்கின் சபைல கொஞ்ச நேரம் கையாலேயே பேசினாரு, ஏன்னா அவரோட அண்ணனுக்கு காது கேக்காது. அந்த அண்ணன்கிட்ட பள்ளிக்கூடத்துல சொன்னாங்களாம், நீ ரொட்டி சுடலாம், செருப்பு தைக்கலாம், இல்ல அச்சகத்துல எடுபிடியா போலாம், மூணுல ஒண்ணு எடுத்துக்கோன்னு. இதை நான் எங்க அண்ணனுக்கு சைகைல சொல்லி முடிச்சதும் அவர் ஒண்ணும் சொல்லல, விரல் நுனில பழைய ஈயக் கறை இருந்த எடத்த தேய்ச்சுப் பாத்தாரு.

இப்ப நாம வீட்டுல படம் பாக்குறப்போ கீழ எழுத்து வருதே, நெட்ஃபிளிக்ஸ்ல, அதுலயும் இந்த சங்கத்துக்கு பங்கு இருக்கு. 2011ல கேஸ் போட்டு, 2012ல ஒத்துக்க வச்சு, 2014க்குள்ள எல்லாப் படத்துக்கும் எழுத்து போடணும்னு வாங்கினாங்க. 2020ல கொரோனா வந்து வெள்ளை மாளிகைல தினம் பேட்டி குடுத்தப்போ பக்கத்துல சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லன்னு அதுக்கும் கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சாங்க. அதே சமயத்துல இங்க அண்ணன் என்ன பண்ணாருன்னா, டிவில மந்திரி பேசுறப்போ என் மூஞ்சிய பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் பயந்தா அவரும் பயப்படுவாரு. மாஸ்க் போட்டதும் அதுவும் போச்சு, உதடும் தெரியல மூஞ்சியும் தெரியல.

நம்ம நாட்டுலயும் ஒண்ணும் நடக்கலன்னு சொல்ல மாட்டேன், 2015ல டெல்லில இந்திய சைகை மொழிக்குன்னு ஒரு மையம் வந்துச்சு, 2016 சட்டத்துல சைகை மொழிய பத்தி சொல்லியிருக்காங்க. ஆனா போன மாசம் ஒரு ஆஸ்பத்திரில டோக்கன் நம்பர வாயால கூப்பிட்டாங்க, அண்ணன் காலைல ஒன்பது மணிக்குப் போனவரு ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டு வந்துட்டாரு. ஒரு பலகைல நம்பர எழுதிக் காட்ட எத்தனை ரூவா ஆகும்?

கடைசியா அண்ணன் உங்ககிட்ட கேக்கச் சொன்னது ரெண்டு. ஒண்ணு அந்த "ஊமை"ங்குற சொல்ல விட்டுடுங்க, காது கேளாதவர்னு போட்டா எடம் ஒண்ணும் பெருசா கூடிடாது, கம்போசிட்டரா இருந்தவர் சொல்றாரு, எண்ணிப் பாத்துட்டாரு. இன்னொண்ணு, இங்க மாசத்துல ரெண்டாவது ஞாயிறு சாயங்காலம் காது கேக்காதவங்க ஒரு ஐம்பது அறுபது பேர் ஒரு பார்க்ல கூடுறாங்க, இருபது வருஷத்துக்கு மேல, கட்டடம் கிடையாது, போர்டு கிடையாது, சந்தா நோட்டு மட்டும் அண்ணன்கிட்ட இருக்கு. உங்க நிருபர் ஒருத்தர அனுப்புங்க. நான் கூட நின்னு சொல்லித் தரேன், ஆனா கேள்வி கேக்குறப்போ என்னைப் பாத்து கேக்க வேண்டாம், அவரப் பாத்து கேக்கச் சொல்லுங்க. படம் எடுத்தா கீழ பேர் போடணும், பேர் எல்லாம் அவரே எழுதித் தருவாராம், ஸ்பெல்லிங் தப்பு வராது.

இப்படிக்கு,
உங்க முப்பது வருஷ வாசகி,
மதுரை